வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும்: எங்கே ஒன்று, எங்கே வேறு?

விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு ரெண்டும் ஒரே பேரினம். ரெண்டும் செத்த மாட்டைத்தான் தின்னுது. அழிஞ்சுட்டு வர்ற உயிரினங்களோட சிவப்புப் பட்டியலிலும் ரெண்டுக்கும் ஒரே இடம்தான். அப்புறம் எதுக்கு சார் தனித்தனியா படிக்கணும்? பாறுகள்னு பொதுவா சொன்னா போதாதா?"

பாதி விஷயத்துக்குப் போதும். மீதிப் பாதிக்குப் போதவே போதாது. எந்தப் பாதிக்கு எது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். நாம் பேச்சில் கழுகு என்கிறோம், கோபம் வந்தால் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். வேட்டையாடி உண்ணும் கழுகு வேறு, இது வேறு. சங்கப் பாடல்களிலேயே பாறு என்றும் எருவை என்றும் தனிச் சொற்கள் உண்டு. பறவை ஆர்வலர்கள் பாறு என்ற சொல்லை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது நல்ல வேலை. 'பிணந்தின்னி' என்று ஒரு பறவையைத் திட்டிக்கொண்டே அதைக் காப்பாற்ற ஊரில் ஆதரவு கேட்பது கஷ்டம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிப் பொழுதில் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனது இந்த இரண்டில் எதுவும் இல்லை, மஞ்சள்முகப் பாறு. அதன் பேரினமே வேறு. இதைச் சொல்வதற்குக் காரணம், பாறு பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் திருக்கழுக்குன்றத்துக்குப் போய்விடுவார்.

சரி, வகைப்பாடு. இரண்டும் அசிப்பிட்ரிடே குடும்பம். பருந்து, கழுகு எல்லாம் இருக்கும் அதே பெரிய குடும்பம். இரண்டின் பேரினமும் ஜிப்ஸ். வெண்முதுகுப் பாறு ஜிப்ஸ் பெங்காலென்சிஸ், 1788-இல் பெயரிடப்பட்டது. கருங்கழுத்துப் பாறு ஜிப்ஸ் இண்டிகஸ், 1786. இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்குப் பிடித்த சங்கதி இதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

வெண்முதுகுப் பாறின் வாலில் 12 இறகுகள். ஜிப்ஸ் பேரினத்தின் மற்ற பறவைகளுக்குப் பெரும்பாலும் 14. இந்த இரண்டு இறகு வித்தியாசத்தை வைத்தே 19-ஆம் நூற்றாண்டில் இதையும் ஆப்பிரிக்காவின் வெண்முதுகுப் பாறு இனத்தையும் சேர்த்து 'சூடோஜிப்ஸ்', அதாவது போலி ஜிப்ஸ், என்று தனிப் பேரினமாக வைத்தார்கள். பிறகு மரபணு ஆய்வு வந்தது. இரண்டு கண்டத்து வெண்முதுகுகளும் உடன்பிறப்புகள் இல்லை என்று அது காட்டவே, போலி என்ற பட்டம் போய் இரண்டும் ஜிப்ஸுக்குள்ளேயே இருக்கின்றன.

கருங்கழுத்துப் பாறின் கதை நேரெதிர். ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரித்தார்கள். 2001 வரை 'நீள் அலகுப் பாறு' என்று ஒரே இனமாகத்தான் அது எழுதப்பட்டு வந்தது. கங்கைச் சமவெளிக்குத் தெற்கே பாறையில் கூடு கட்டுபவை, இமயமலை அடிவாரத்திலும் அசாமிலும் மரத்தில் கூடு கட்டும் மெலிந்த அலகுப் பறவைகள் எல்லாம் ஒரே பெயருக்குள். எலும்பையும் அலகையும் இறகையும் ஒப்பிட்டுப் பார்த்து வடக்கத்தியதை ஜிப்ஸ் டெனுயிராஸ்ட்ரிஸ், அதாவது மெலிந்த அலகுப் பாறு, என்று தனியாக எடுத்தார்கள். பெயர் சண்டை என்று தள்ளிவிட முடியாத விஷயம் இது. ஒரே இனமாக இருந்தவரை மொத்த எண்ணிக்கையின் நிழலில் வடக்கத்திய பறவை மறைந்திருந்தது. பிரித்த பிறகுதான் அது இந்தியாவில் ஆயிரம் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது என்பதே கண்ணில் பட்டது.

களத்தில் எப்படி வேறுபடுத்துவது? வளர்ந்த பறவையானால் சுலபம். வெண்முதுகுப் பாறு கருஞ்சாம்பல் நிறம், கழுத்தடியில் வெள்ளைப் பிசிர் வளையம், முதுகின் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு பட்டை. பறக்கும்போது கீழிருந்து பார்த்தால் இறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு, நடுவில் கோடு கிழித்த மாதிரி. கருங்கழுத்துப் பாறு வெளிறிய மண் நிறம். தலையும் கழுத்தும் கறுத்து, உடலோடு ஒட்டாதது போலத் தெரியும். அலகு வெளிர் மஞ்சள், சற்று நீளம். அளவில் வெண்முதுகுதான் ஜிப்ஸ்களிலேயே சிறியது. சிறியது என்று சொன்னாலும் இறக்கையை விரித்தால் 2 மீட்டர் வரும்.

இளம் பறவையில்தான் மாட்டிக்கொள்வோம். வெண்முதுகுப் பாறின் குஞ்சுக்கு வெண்முதுகே இருக்காது. பழுப்பாக, நெஞ்சில் வெளிர்க் கோடுகளோடு இருக்கும். முழு நிறம் வர நான்கைந்து வருடம் ஆகும். ஒருமுறை மோயாற்றுக் கரையில் கணக்கெடுப்புக்குத் துணையாகப் போயிருந்தேன். எதிர்க்கரை மரத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் 'கருங்கழுத்து' என்று தைரியமாக எழுதினேன். காலை ஒன்பது மணி தாண்டி வெயில் ஏறி, காற்று சூடாகி மேலெழுந்த பிறகுதான் அது கிளையை விட்டது. எடை அதிகம், வெப்பக் காற்று இல்லாமல் வெறும் சிறகடித்து மேலே போக அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. தலைக்கு மேல் வட்டமிட்டபோது பார்த்தால் பழுப்பு உடல், நெஞ்சுக் கோடு, குட்டை அலகு. வெண்முதுகின் இளசு. பக்கத்தில் இருந்த பழங்குடியினரான வேட்டைத் தடுப்புக் காவலர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அவர் அதைப் பறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாராம். "மரத்துல உக்காந்து தூங்குதுல்ல, அப்பவே தெரியும்."

அவர் சொன்னதுதான் இரண்டுக்குமான பெரிய வேறுபாடு. வெண்முதுகுப் பாறு மரத்துப் பறவை. கருங்கழுத்துப் பாறு பாறைப் பறவை.

மோயாறு நீலகிரிக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் நடுவே ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அதன் கரையில் நீர்மருது ஓங்கி வளர்ந்து நிற்கும். அந்த உச்சிகளில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. கூடு என்றால் சுள்ளி அடுக்கிய ஒரு பெரிய தட்டு, நடுவில் பச்சை இலை. எச்சம் வழிந்து கீழ்க்கிளைகள் வெள்ளையடித்தது போல இருக்கும். தூரத்திலிருந்து கூட்டை விட அந்த வெள்ளைதான் முதலில் தெரியும். ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க முட்டையிட்டதிலிருந்து ஐந்து மாதம் பக்கம் ஆகிவிடும்.

இந்த இனம் காட்டை மட்டும் நம்பி இருந்ததும் இல்லை. கொங்கண் கடற்கரையில் தென்னை மரத்தில் கூடு கட்டும். வட இந்திய ஊர்களில் சாலையோர மரங்களிலும் டெல்லி நகருக்குள்ளும் கட்டியது. மனிதன் இருக்கும் இடம், மாடு இருக்கும் இடம், உயரமான மரம் இருக்கும் இடம், மூன்றும் சேர்ந்தால் அங்கே அது இருந்தது. 1980-களில் உலகிலேயே அதிக எண்ணிக்கையிலான பெரிய இரைகொல்லிப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதினார்கள். பாகிஸ்தானிலிருந்து நேபாளம், வங்கதேசம், மியான்மர் வழியாகக் கம்போடியா, வியட்நாம் வரை பரவியிருந்தது.

கருங்கழுத்துப் பாறுக்கு அவ்வளவு பெரிய உலகம் இல்லை. கிட்டத்தட்ட முழுக்க இந்தியப் பறவை. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து நாகர்பார்க்கரில் கொஞ்சம், அவ்வளவுதான். செங்குத்துப் பாறை முகத்தில், மனிதன் கால் வைக்க முடியாத பிளவுகளில் கூடு. மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவில் பேத்வா நதிக்கரையில் நிற்கும் அரசர்களின் நினைவு மண்டபங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கோபுரங்களின் மாடங்களில் இவை உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணுக்கு அது மண்டபம் இல்லை, மனிதன் கட்டிய இன்னொரு பாறை. பெங்களூருவிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி ராமநகரத்தில் ராமதேவர பெட்டா என்ற குன்று இருக்கிறது. 2012-இல் அதைப் பாறுகளுக்கான சரணாலயமாகக் கர்நாடகம் அறிவித்தது இந்த இனத்தை முன்வைத்துத்தான். நம் பக்கத்தில் நீலகிரிச் சரிவின் பாறை முகங்களில் உண்டு. ராஜஸ்தானில் சில இடங்களில் மரத்திலும் கட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் நம் புத்தகத்தைப் படித்துவிட்டு நடந்துகொள்வதில்லை.

இனி அழிவு. முதல் அபாய மணி ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அடித்தது. அங்கே 1980-களின் நடுப்பகுதிக்கும் 1990-களின் கடைசிக்கும் இடையில் வெண்முதுகு 96 விழுக்காடும் நீள் அலகு 97 விழுக்காடும் குறைந்ததை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பதிவு செய்தார். கழுத்து தொங்கிப் போய் நாள்கணக்காக உட்கார்ந்திருந்து, பிறகு கிளையிலிருந்து கீழே விழும். பூச்சிமருந்து, வைரஸ் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவும் பாகிஸ்தானில் செத்து விழுந்த வெண்முதுகுகளை அறுத்துப் பார்த்த முடிவு வெளியானது. ஈரல் மேலும் இதயத்தைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூள் போல வெள்ளைப் படிவு. யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தால்தான் அப்படிப் படியும். காரணம் டைக்ளோஃபினாக், மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் சாதாரண ஊசி.

ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து உடலிலேயே தங்கும். 5 கிலோ எடையுள்ள பாறுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் உள்ளே போனாலே பிழைப்பதும் சாவதும் சரிபாதி. ஒரு சடலத்தை ஐம்பது அறுபது பறவைகள் சேர்ந்து உண்பதால் ஒரு மாடு ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். ஆயிரம் சடலத்தில் எட்டுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே அந்த வேகத்தில் இனம் அழியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

வகைப்பாடு படித்ததற்குப் பயன் இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் வான்கோழிப் பாறு என்று ஒன்று உண்டு. அதே மொட்டைத் தலை, அதே பிணம் தின்னும் பிழைப்பு. ஆனால் அது கத்தார்டிடே என்ற வேறு குடும்பம். தோற்ற ஒற்றுமை தொழிலால் வந்தது, இரத்தத்தால் வந்ததில்லை. ஜிப்ஸைக் கொல்லும் அளவை விட நூறு மடங்குக்கும் மேல் டைக்ளோஃபினாக் கொடுத்துப் பார்த்தார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மருந்துக்கு ஆப்பிரிக்க ஜிப்ஸ் செத்தது, ஐரோப்பிய ஜிப்ஸ் செத்தது. ஆக, பலவீனம் பேரினத்தோடு வருகிறது. வெண்முதுகில் கண்டதைக் கருங்கழுத்துக்கும் பொருத்திச் சட்டம் கேட்க முடிந்தது இந்த உறவு முறையால்தான். மாணவி கேட்டதில் "போதும்" என்ற பாதி இது. மருந்து விஷயத்தில் இரண்டையும் ஒன்றாகப் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

2006-இல் இந்தியா கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே காலத்தில். மாற்றாக மெலாக்ஸிகாம் இருக்கிறது, பாறுகளுக்குப் பாதுகாப்பானது. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் பெரிய குப்பிகளில் வந்துகொண்டிருந்தது. 30 மில்லி குப்பியை மருந்துக்கடையில் வாங்கி மாட்டுக்கு ஏற்றுவது நடந்தது. 2015-இல் மனிதர்களுக்கான ஊசிமருந்து 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். 3 மில்லியில் 75 மில்லிகிராம் இருக்கும். ஒரு வளர்ந்த மாட்டுக்கு நான்கைந்து குப்பியாவது உடைக்க வேண்டும், செலவும் சலிப்பும் சேர்ந்து ஆளை மாற்றும் என்பது எண்ணம். நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். தடுப்பதை விடச் சிரமமாக்குவது சில நேரம் அதிகம் வேலை செய்யும். 2023-இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலிமருந்துகளும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடையாயின. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும், பெயர்ப்பலகை மட்டும் வேறு. அடுத்து நிமெசுலைடு என்ற வலிமருந்தும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது பாதுகாப்பு நிலை. ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இரண்டும் 'மிக அருகிவிட்ட இனம்'. அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போனது. இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டும் முதல் அட்டவணை. ஒரே முத்திரை என்பதால் ஒரே நிலைமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த முத்திரை எண்ணிக்கை சிறுத்ததற்காக மட்டும் குத்தப்படுவதில்லை, சரிந்த வேகத்துக்காகவும் குத்தப்படும். மூன்று தலைமுறைக்குள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் போதும். இரண்டுமே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன, எவ்வளவு தூரம் தாண்டின என்பதில்தான் வித்தியாசம். 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007 வரை சாலைவழியே எண்ணியதில் வெண்முதுகு 99.9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. சரிந்த காலத்தில் ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் போயிற்று. கருங்கழுத்தும் மெலிந்த அலகும் சேர்ந்து சுமார் 97 விழுக்காடு, ஆண்டுக்கு 16 போல. அந்த இரண்டையும் ஏன் சேர்த்து எண்ணினார்கள் என்றால், முதல் கணக்கெடுப்பின்போது அவை ஒரே இனம்!

வெண்முதுகு ஏன் வேகமாகப் போனது? என் கணிப்பு இது: ஊருக்குள், மாட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்ததே அதற்கு வினையாகிவிட்டது. குன்றில் ஒதுங்கியிருந்த கருங்கழுத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. 2015 கணக்கெடுப்பை வைத்து இந்தியாவில் வெண்முதுகு சுமார் 6,000, கருங்கழுத்து சுமார் 12,000 என்று மதிப்பிட்டார்கள். ஒரு காலத்தில் எண்ணி முடியாமல் இருந்த வெண்முதுகு இன்று கருங்கழுத்தில் பாதியளவு.

ஆனால் நம் பகுதியில் தராசு தலைகீழ். 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு முதலான காடுகளில் எண்ணியபோது மொத்தம் 320 பாறுகள். அதில் வெண்முதுகு 217, கருங்கழுத்து 47, மீதி மற்றப் பாறு இனங்கள். நாடு முழுவதும் பார்த்தால் எண்ணிக்கையில் முந்தி நிற்கும் கருங்கழுத்து இங்கே ஐம்பதைத் தொடவில்லை.

"போதாது" என்ற பாதிக்கு இந்த எண்களே காரணம். மருந்தை முழுக்க நிறுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எதைக் காப்பது? வெண்முதுகுக்குக் கேட்டால் ஆற்றங்கரை நீர்மருது என்பேன். கூட்டமாகக் கூடு கட்டும் பறவை, பத்துப் பதினைந்து மரங்களில் ஒரு குடியிருப்பு அடங்கிவிடும். ஒரு பெருவெள்ளம் கரையை அறுத்தாலோ, ஒரு கோடைத் தீ ஏறினாலோ அந்த வருடத்துக் குஞ்சுகள் போச்சு. மரம் வளர ஒரு மனித ஆயுள் வேண்டும். கருங்கழுத்துக்குப் பாறை எங்கும் போகாது, மரம் வெட்டினாலும் கவலையில்லை. ஆனால் கல்குவாரி வெடி, அடைகாக்கும் மாதங்களில் பாறையேற்றம், தேனெடுக்கப் போடும் புகை, இவை அதற்கு எமன். ஒரு கூட்டை விட்டுப் பறவை ஓடினால் அந்த வருடத்து ஒரே முட்டை வெயிலில் கிடக்கும். அக்டோபரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை அந்தப் பாறை முகங்களை விட்டு மனிதன் விலகியிருந்தால் போதும், பைசா செலவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கம்போடியாவில் வெண்முதுகுக்கு ஒரு சிறு கூட்டம் இருக்கிறது, அங்கே டைக்ளோஃபினாக் பிரச்சினையே இல்லை, காட்டு விலங்குகள் குறைந்து இரை இல்லாததும் விஷமும்தான் சிக்கல். நேபாளத்தில் தடைக்குப் பிறகு வீழ்ச்சி நின்று சற்றே நிமிர்ந்திருக்கிறது. ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்த்துப் பெருக்கிய வெண்முதுகுகளில் எட்டை 2020-இல் வெளியே விட்டார்கள். ஆக, இந்தியா கைவிட்டாலும் வெண்முதுகு எங்கோ ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். கருங்கழுத்துக்கு அந்த வசதி இல்லை. இங்கே போனால் போனதுதான்.

எனவே தேர்வுத் தாளில் எழுதுவதானால் 'பேரினம் ஜிப்ஸ், நிலை மிக அருகியது' என்று ஒரே வரியில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண் குறையாது. காட்டுக்குள் போவதானால் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தில் மரம், மறு பக்கத்தில் பாறை. பழுப்பாக ஒன்று மரத்தில் உட்கார்ந்திருந்தால், என்னைப் போல அவசரப்பட்டு எழுதாமல் ஒன்பது மணி வரை பொறுங்கள்.